வாடிக்கையாளர் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டே டைவிங் உடையை உருவாக்கிய மெக்கானிக்... யார் இந்த அகஸ்டஸ் சீபே?

அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ போய் ஸ்கூபா டைவிங் செய்தவர்களிடம் பேசிப் பாருங்கள். மீன் பார்த்தேன், பவளப்பாறை பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னாடி, முதல் ரெண்டு நிமிஷம் மூச்சு விடவே பயமா இருந்துச்சு என்றுதான் ஆரம்பிப்பார்கள். பயம் நியாயமானதுதான். செல்போன் ரிப்பேரானால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். மிக்சி ஓடலைன்னா கடைக்காரரிடம் சண்டை போடலாம். தண்ணிக்கு அடியில் காற்று கொடுக்கும் கருவி மக்கர் பண்ணினால், புகார் கொடுக்க அந்த வாடிக்கையாளர் மேலே வரணுமே?

அதனாலதான் டைவிங் கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு கஸ்டமர் சர்வீஸ் என்பது சிரிச்ச முகத்தோடு போனை எடுப்பது மட்டும் இல்லை. வாங்கினவர் என்ன குறை சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டு, அடுத்த கருவியில் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. இந்தப் பழக்கம் இந்தத் தொழிலில் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு சின்னத் தெருவில் பட்டறை வைத்திருந்த ஒரு ஜெர்மன்காரரிடம் போய் நிற்போம். பெயர், அகஸ்டஸ் சீபே. டைவிங்கின் தந்தை என்று பல புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. அந்தப் பட்டம் சரியா, தப்பா என்பதில் ஒரு பெரிய பஞ்சாயத்தே இருக்கிறது. அதையும் பார்க்கலாம்.

பீரங்கிப் படையில் இருந்து பட்டறைக்கு

சீபே பிறந்தது 1788-ல், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில். வளர்ந்ததும் தொழில் கற்றதும் பெர்லினில். உலோக வார்ப்பு வேலையில் கை தேர்ந்தவர். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பிரஷ்யப் படையின் பீரங்கிப் பிரிவில் அதிகாரியாக இருந்தார், வாட்டர்லூ போரிலும் இருந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. போர் முடிந்த கையோடு லண்டன் வந்து சேர்ந்தார்.

வந்த ஊரில் ஆள் தெரியாது, பாஷையும் புதுசு. கையில் இருந்தது தொழில் மட்டும்தான். சோஹோ பகுதியில் டென்மார்க் தெரு, 5-ம் எண் வீடு. வீடும் பட்டறையும் ஒண்ணே. அங்கே அவர் டைவிங் கருவி மட்டும் செய்யவில்லை. தண்ணீர் பம்ப் செய்தார், எடை பார்க்கும் கருவி செய்தார், காகிதத் தொழிலுக்கான இயந்திரமும் செய்தார். யாராவது ஒரு யோசனையோடு வந்து இதைச் செஞ்சு தர முடியுமா என்று கேட்டால், முடியும் என்று சொல்லி உட்கார்ந்து செய்கிற ஆள். நம்ம ஊரில் ஒவ்வொரு டவுனிலும் லேத் பட்டறையில் இப்படி ஒருத்தர் இருப்பாரே, அந்த மாதிரி.

குதிரை லாயத்தில் தொடங்கிய கதை

அந்தப் பட்டறைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் டீன் சகோதரர்கள். அண்ணன் சார்லஸ் டீன், தம்பி ஜான் டீன். இருவருமே கடல் வேலை பார்த்தவர்கள்.

ஜான் டீனைப் பற்றி ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் விட்ஸ்டபிள் பகுதியில் ஒரு குதிரை லாயம் தீப்பிடித்ததாம். புகையில் யாரும் உள்ளே போக முடியவில்லை. அவர் பழைய போர்வீரர் கவசத்தின் தலைக்கூட்டை மாட்டிக்கொண்டு, பம்பின் குழாயை அதற்குள் விட்டு, காற்றடிக்கச் சொல்லி, உள்ளே போய் குதிரைகளை மீட்டாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் 1823-ல் சார்லஸ் டீன், புகைக்குள் போவதற்கான ஹெல்மெட்டுக்குக் காப்புரிமை வாங்கியது உறுதியான தகவல். கையில் காசு இல்லாததால் அந்தக் காப்புரிமையைத் தன் முதலாளிக்கே 417 பவுண்டுக்கு விற்க வேண்டியிருந்தது.

புகைக்கான ஹெல்மெட் பெரிதாக விற்கவில்லை. அப்போதுதான் சகோதரர்களுக்கு அந்த யோசனை வந்தது. புகைக்குள் மூச்சு விட முடியும் என்றால் தண்ணீருக்குள் ஏன் முடியாது? அதைச் செய்து தரச் சொல்லி அவர்கள் தேடி வந்தது சீபேயிடம். 1830 வாக்கில் சீபேயின் பட்டறையில் செம்பில் டைவிங் ஹெல்மெட் தயாரானது.

அது எப்படி வேலை செய்தது? ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அப்படியே வாளித் தண்ணிக்குள் அழுத்திப் பாருங்கள். டம்ளருக்குள் காற்று நிற்கும், தண்ணீர் முழுசா ஏறாது. அதே கணக்குதான். தலையில் செம்பு ஹெல்மெட், அதோடு சேர்ந்து இடுப்பு வரை ஒரு சட்டை. மேலே படகில் இருந்து கையால் பம்ப் அடிப்பார்கள். காற்று குழாய் வழியாக ஹெல்மெட்டுக்குள் வந்து, மிச்சம் சட்டையின் அடி ஓரம் வழியாகக் குமிழிட்டு வெளியேறும்.

இதை வைத்தே டீன் சகோதரர்கள் பெரிய வேலைகள் செய்தார்கள். 1836-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மீனவர்களின் வலை ஏதோ ஒன்றில் சிக்குகிறது என்று ஜான் டீனைக் கூப்பிட்டார்கள். அவர் இறங்கிப் பார்த்தால், 1545-ல் மூழ்கிய எட்டாம் ஹென்றி மன்னரின் மேரி ரோஸ் போர்க்கப்பல்! அதே 1836-ல் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேடு ஒன்றையும் வெளியிட்டார்கள். உலகின் முதல் டைவிங் கையேடு என்று அதைச் சொல்வார்கள். கருவியோடு கூடவே யூசர் மேனுவலும் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

குனிந்தால் உயிர் போகும்!

ஆனா ஒரு சிக்கல் இருந்தது. சாதாரண சிக்கல் இல்லை.

கவிழ்த்த டம்ளரைக் கொஞ்சம் சாய்த்தால் என்ன ஆகும்? காற்று குபுக்கென்று வெளியே போய், தண்ணீர் உள்ளே வரும். டைவர் குனிந்தாலோ, தடுக்கி விழுந்தாலோ அதேதான் நடக்கும். கடலடியில் வேலை பார்ப்பவர் குனியாமல் எப்படி வேலை செய்வார்? கயிறு கட்டணும், மரக்கட்டையை இழுக்கணும், சேற்றில் கையை விடணும். ஒவ்வொரு முறை குனியும்போதும் உயிரைப் பணயம் வைக்கணும்.

இந்தக் குறைக்கான வழியை ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர் முன்வைத்தார். ஹெல்மெட்டையும் உடையையும் தனித்தனியாக விடாமல், தலையில் இருந்து கால் வரை ஒரே உடையாக, தண்ணீர் புகாத துணியில் செய்து, ஹெல்மெட்டின் அடிப்பகுதியை அதோடு போல்ட் போட்டு இறுக்கிவிடலாமே என்பதுதான் யோசனை.

தன் பட்டறையில் செய்த பொருளை வெளியாள் ஒருத்தர் வந்து மாற்றச் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? சீபே கேட்டார். 1837-ல் மூடிய டைவிங் உடை தயாரானது. ரப்பர் சேர்த்த கேன்வாஸ் துணியில் முழு உடை, தோளில் உலோகத் தகடு, அதன் மேல் ஹெல்மெட். காற்று வெளியேற ஹெல்மெட்டிலேயே வால்வு. இனி டைவர் குனியலாம், முட்டி போடலாம், படுத்துக்கூட வேலை பார்க்கலாம். உடைக்குள் தண்ணீர் வராது.

இன்னொரு லாபமும் இருந்தது. குளிர். இங்கிலாந்துக் கடலில் இடுப்புக்குக் கீழே நனைந்துகொண்டே மணிக்கணக்கில் நிற்பது என்றால் சும்மாவா? முழு உடைக்குள் கம்பளித் துணிகளைப் போட்டுக்கொண்டு இறங்க முடிந்தது.

ராயல் ஜார்ஜ்: பெரிய கஸ்டமர், பெரிய பரீட்சை

சீபேயின் வாழ்க்கையில் திருப்புமுனை 1839-ல் வந்தது. அதைப் புரிந்துகொள்ள 57 வருஷம் பின்னோக்கிப் போகணும்.

1782 ஆகஸ்ட் 29. போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் நங்கூரமிட்டு நின்றது ராயல் ஜார்ஜ் என்ற 100 பீரங்கிக் கப்பல். பழுது பார்ப்பதற்காகக் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார்கள். சாய்வு அதிகமாகி, தண்ணீர் உள்ளே புகுந்து, கரைக்குப் பக்கத்திலேயே கப்பல் மூழ்கியது. சுமார் 900 பேர் இறந்தார்கள். மாலுமிகளைப் பார்க்க வந்திருந்த மனைவிமார்களும் குழந்தைகளும் அதில் நிறைய பேர். கப்பல் அப்படியே அடியில் கிடந்து, போர்க்கப்பல்கள் வந்து நிற்கும் இடத்துக்கே ஆபத்தாக இருந்தது.

அதை அப்புறப்படுத்தும் வேலையை எடுத்துக்கொண்டவர் ராணுவப் பொறியாளர் படையின் கர்னல் சார்லஸ் பாஸ்லி. வேலை 1839-ல் தொடங்கி 1843 வரை நடந்தது. வெடிமருந்து பீப்பாய்களை அடியில் வைத்து, பேட்டரி மூலம் வெடிக்க வைத்தார்கள். 1840-ல் வைத்த ஒரு வெடியில் கரையோர ஊர்களின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. சிதறிய கட்டைகளையும் பீரங்கிகளையும் கயிறு கட்டி மேலே அனுப்ப டைவர்கள் தேவை. கிட்டத்தட்ட 20 மீட்டர் ஆழம், கலங்கிய தண்ணீர், கை வைத்துத் தடவித்தான் எதையும் கண்டுபிடிக்க முடியும்.

இறங்கியவர்கள் பரம்பரை டைவர்கள் இல்லை, ராணுவ சிப்பாய்கள். கருவியின் ஒவ்வொரு குறையும் தினசரி வேலையில் வெளியே வந்தது. பாஸ்லி எல்லாவற்றையும் கவனிக்கிற, எழுதி வைக்கிற மனிதர். இப்படி ஒரு கஸ்டமர் கிடைப்பது தயாரிப்பாளருக்குத் தலைவலியும் கூட, அதிர்ஷ்டமும் கூட. சீபே அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டார். ராயல் ஜார்ஜ் குழுவுக்கு என்ன தேவையோ அதற்கேற்ப உடையை மாற்றிக்கொண்டே இருந்தார்.

முக்கியமான மாற்றம் ஒன்று. ஹெல்மெட்டும் தோள் தகடும் தனித்தனியாகக் கழற்றும்படி ஆனது. கேட்க சின்ன விஷயம்தான். யோசித்துப் பாருங்கள். ஒரு முறை மேலே வந்து தண்ணி குடிக்கணும், நாலு வார்த்தை பேசணும், கொஞ்சம் மூச்சு வாங்கணும் என்றால்கூட மொத்த போல்ட்டையும் கழற்ற வேண்டாம். உடையும் தோள் தகடும் அப்படியே இருக்க, ஹெல்மெட்டை மட்டும் திருகி எடுத்துவிடலாம். ஆபத்து என்று மேலே இழுக்கப்பட்டவருக்கு அந்தச் சில நிமிட வித்தியாசம்தான் உயிர். பிற்காலத்து ஹெல்மெட்டுகளில் எட்டில் ஒரு பங்கு திருப்பினாலே போதும், கையோடு வந்துவிடும்.

டைவர்கள் ஜோடி ஜோடியாக இறங்க வேண்டும் என்ற விதியும் பாஸ்லியின் இந்த வேலையில்தான் முதன்முதலாகப் பதிவானது. இன்றைக்கு ஸ்கூபா கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பட்டி சிஸ்டம் இதுதான்.

குழாய் அறுந்தால்?

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1840-களின் தொடக்கத்தில் ராயல் ஜார்ஜ் வேலையின்போது ஒரு சிப்பாய்க்குக் காற்றுக் குழாய் அறுந்து பெரும் காயம் ஏற்பட்டது. அழுத்தத்தால் டைவருக்கு வரும் இந்த வகை பாதிப்பு பற்றிய முதல் மருத்துவப் பதிவே அதுதான் என்கிறார்கள்.

என்ன நடக்கிறது இதில்? ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் தண்ணீரின் அழுத்தம், நாம் தரையில் உணரும் காற்றழுத்தம் அளவுக்குக் கூடிக்கொண்டே போகும். 20 மீட்டரில் உடம்பைச் சுற்றி மூன்று மடங்கு அழுத்தம். ஹெல்மெட்டுக்குள்ளும் பம்ப் அதே அளவு அழுத்தத்தில் காற்றை வைத்திருப்பதால் டைவருக்கு ஒன்றும் தெரியாது. குழாய் மேலே எங்காவது அறுந்துவிட்டால், ஹெல்மெட்டின் காற்று சரசரவென்று அந்த வழியாகவே வெளியேறிவிடும். உள்ளே அழுத்தம் இல்லை, வெளியே மூன்று மடங்கு. கடல் அந்த மனிதரை ஹெல்மெட்டுக்குள் திணிக்கப் பார்க்கும். முகத்தில் ரத்தம் கொப்பளிக்கும்.

தீர்வு ஒரு சின்ன வால்வு. காற்று உள்ளே வரும், திரும்பி வெளியே போகாது. நம் வீட்டு மோட்டார் பம்பில் போடுவோமே நான்-ரிட்டர்ன் வால்வு, அதே தத்துவம். குழாய் நுழையும் இடத்தில் அது வந்த பிறகு, குழாய் அறுந்தாலும் ஹெல்மெட்டில் இருக்கும் காற்றை வைத்து மேலே வர நேரம் கிடைத்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பித்தளைத் துண்டு. அதன் பின்னால் ஒருவரின் ரத்தம் இருக்கிறது.

1843-ல் ராயல் ஜார்ஜ் வேலை முடிந்த கையோடு பிரிட்டிஷ் கடற்படை டைவிங் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சீபேயின் உடை அடுத்த நூறு வருஷத்துக்கும் மேலாக அடிப்படையில் மாறாமல் உலகம் முழுக்க ஓடியது. செம்பு ஹெல்மெட், ஈயம் வைத்த காலணி, மார்பிலும் முதுகிலும் ஈய எடைகள். எல்லாம் சேர்த்தால் சுமார் 80 கிலோ. டின்டின் காமிக்ஸில், பழைய சினிமாக்களில், மீன் தொட்டிக்குள் வைக்கும் பொம்மையில் எல்லாம் பார்ப்பீர்களே, அந்த உருண்டைத் தலை டைவர். அது சீபேயின் பட்டறை வழியாக வந்த உருவம்தான்.

புரியாமல் போன ஒரு புகார்

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். பாஸ்லியின் டைவர்கள் இன்னொரு புகாரும் சொன்னார்கள். மூட்டு வலி. மறுபடி மறுபடி வரும் வாத வலி மாதிரியான வேதனையில் இருந்து அவர்களில் யாரும் தப்பவில்லை என்று பாஸ்லியே பதிவு செய்திருக்கிறார். குளிரால் வருகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

காரணம் குளிர் மட்டும் இல்லை. அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவது போல அது குமிழியாக வெளியே வரும். மூட்டில் வந்தால் வலி. முதுகுத்தண்டில் வந்தால் பக்கவாதம், சில சமயம் மரணம். பெண்ட்ஸ் என்று டைவர்கள் சொல்லும் நோய் இது. சீபேயின் உடை நன்றாக இருந்ததாலேயே, மனிதர்கள் இன்னும் ஆழமாக, இன்னும் நேரமாக இறங்கினார்கள். நோயும் கூடியது. ஆஸ்திரேலியாவின் புரூம், டோரஸ் நீரிணைப் பகுதிகளில் இந்த வகை உடை போட்டு முத்துச்சிப்பி எடுத்தவர்கள் நிறைய பேர் இப்படியே செத்தார்கள்.

பிரான்ஸ் விஞ்ஞானி பால் பெர்ட் 1878-ல்தான் நைட்ரஜன் காரணத்தை விளக்கினார். எவ்வளவு ஆழத்தில் இருந்து எத்தனை நிமிடம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல் வெளியிட்டார். அந்த ஆய்வில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. ஆழத்தில் டைவர்கள் மூச்சிரைத்துத் தள்ளாடியதற்குக் காரணம், அவர்கள் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடு ஹெல்மெட்டுக்குள்ளேயே தேங்கியதுதான். பம்ப் போதுமான காற்றைத் தரவில்லை. பம்பைச் சரிசெய்து, நின்று நின்று ஏறும் முறையையும் சேர்த்து, 1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் 64 மீட்டர் வரை இறங்கிப் பத்திரமாக மேலே வந்து காட்டினார்கள்.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. வலிக்கிறது என்று அவர் சொல்வார். ஏன் வலிக்கிறது என்று அவருக்கும் தெரியாது, கருவி செய்தவருக்கும் தெரியாது. அந்த இடைவெளி சுமார் 70 வருஷம் நீடித்தது.

ஐஸ் மெஷின் செய்து கொடுத்த கதை

டைவிங்கை விட்டுக் கொஞ்சம் வெளியே வரலாம். சீபே எப்படிப்பட்ட தயாரிப்பாளர் என்பதற்கு இன்னொரு உதாரணம் இருக்கு.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர். ஆமாங்க, நம்ம தொழில்காரர்தான். அச்சு எழுத்துகளை ஈதர் ஊற்றித் துடைக்கும்போது உலோகம் ஜில்லென்று ஆவதைக் கவனித்து, அதிலிருந்து குளிர்பதன யோசனைக்குப் போனார் என்பார்கள். தன் யோசனையோடு 1856-ல் லண்டன் வந்து காப்புரிமை பதிவு செய்தார். இயந்திரத்தைச் செய்து கொடுக்க அவர் போய் நின்றது சீபே பட்டறையில். ஐஸ் உற்பத்தி செய்யும் அந்த இயந்திரத்தை சீபே கட்டிக் கொடுத்தார். ஹாரிசன் பிற்பாடு கடனில் மூழ்கினார் என்பது வேறு கதை.

டீன் சகோதரர்கள், எட்வர்ட்ஸ், பாஸ்லி, ஹாரிசன். பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். யோசனையோ குறையோ வெளியில் இருந்து வருகிறது, கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக அது சீபேயிடம் மாறுகிறது. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவருடைய டைவிங் கருவிக்குப் பதக்கம் கிடைத்தது. 1855 பாரிஸ் கண்காட்சியிலும் பரிசு.

அப்போ, டைவிங்கின் தந்தை யார்?

பஞ்சாயத்து இங்கேதான். சீபே இறந்த பிறகு, அவருடைய நிறுவனம் 1819-லேயே அவர் டைவிங் உடையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லிவந்தது. புத்தகங்களும் கலைக்களஞ்சியங்களும் அதை அப்படியே திருப்பி எழுதின. டீன் சகோதரர்களின் பெயர் அடிக்குறிப்பிலும் இல்லாமல் போனது. மேரி ரோஸைக் கண்டுபிடித்தவர், கிரிமியப் போரில் ஐம்பது வயதைத் தாண்டியும் கடலுக்கடியில் வேலை பார்த்தவர் ஜான் டீன். 1884-ல் அவர் இறந்தபோது பெரும்பாலானோருக்கு அவர் யார் என்றே தெரியாது. 20-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆய்வாளர் ஜான் பெவன் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்த பிறகுதான் டீன் சகோதரர்களுக்கு உரிய இடம் திரும்பக் கிடைத்தது.

இதில் எங்கள் கருத்து ஒன்று. யோசனை டீன் சகோதரர்களுடையது, மூடிய உடையின் ஐடியா எட்வர்ட்ஸுடையது. அதைச் சொல்வதால் சீபேயின் மதிப்பு குறைந்துவிடாது. மற்றவர்களின் பெயரை மறைத்து அவரை ஒற்றை ஆளாகக் கண்டுபிடிப்பாளர் ஆக்கியதுதான், அவர் உண்மையில் செய்த நல்ல விஷயத்தையே மறைத்துவிட்டது. அவர் அடுத்தவர் பேச்சைக் கேட்டவர். ஒவ்வொரு வாடிக்கையாளருடைய குறையும் அந்தச் செம்பு ஹெல்மெட்டில் ஒரு போல்ட்டாகவோ வால்வாகவோ ஏறியிருக்கிறது.

அவருக்குப் பிறகு

1872 ஏப்ரல் 15-ம் தேதி, டென்மார்க் தெரு வீட்டிலேயே சீபே காலமானார். ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீருக்குள் மூச்சு விட வழி செய்தவர் இறந்தது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியால். லண்டன் வெஸ்ட் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்.

மகனும் மருமகன் கோர்மனும் தொழிலைத் தொடர, நிறுவனம் சீபே கோர்மன் என்று பெயர் பெற்றது. பழைய பழக்கம் மாறவில்லை. காற்றுக் குழாயே இல்லாமல், முதுகில் சுமக்கும் ஆக்சிஜன் கருவியை ஹென்றி ஃப்ளூஸ் என்பவர் உருவாக்கினார். அதைத் தயாரித்தது சீபே கோர்மன். 1880-ல் அதற்குச் சரியான சோதனை வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே செவர்ன் ஆற்றுக்கு அடியில் தோண்டிய ரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. தொழிலாளர்கள் ஓடி வந்த அவசரத்தில் உள்ளே ஒரு இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. அதை மூடினால்தான் தண்ணீரை இறைக்க முடியும். டைவர் அலெக்சாண்டர் லாம்பர்ட் முதலில் சீபே உடையில் போனார். 300 மீட்டர் தூரத்துக்குக் குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாமல் திரும்பினார். பிறகு ஃப்ளூஸின் கருவியை மாட்டிக்கொண்டு, கும்மிருட்டில் தடவித் தடவிப் போய்க் கதவை மூடினார். இன்றைய ஸ்கூபாவுக்கு முன்னோடிகளில் ஒன்று இந்தக் கருவி. 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அக்வாலங் கருவியைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் அதைத் தயாரித்து விற்றதும் சீபே கோர்மன்தான்.

சர்வீஸ் என்றால் இதுவும் சர்வீஸ்தான் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். வில்லியம் வாக்கர், சீபே கோர்மன் நிறுவனத்தின் டைவர். 1906-ல் வின்செஸ்டர் நகரின் பழமையான தேவாலயம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டினால் நிலத்தடி நீர் பொங்குகிறது. தண்ணீரை இறைத்தால் கட்டடமே சரிந்துவிடும். கருவியோடு கூடவே ஆளையும் அனுப்பியது நிறுவனம். வாக்கர் 1911 வரை, கிட்டத்தட்ட 6 வருஷம், சேறு கலந்த இருட்டுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே 25,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடியில் அடுக்கினார். ஆழம் 6 மீட்டர்தான். ஒரு விளக்குகூட உதவாத இருட்டு. தேவாலயம் இன்றும் நிற்கிறது.

சீபே என்ற பெயரில் வளர்ந்த நிறுவனம் பல தொழில்களுக்குள் போய், 1999-ல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து இன்வென்சிஸ் ஆனது. பெயர் போய்விட்டது. லண்டன் டென்மார்க் தெரு பின்னாளில் கிட்டார் கடைகளுக்கும் பாட்டு ஸ்டுடியோக்களுக்கும் பெயர் பெற்ற இசைத் தெருவானது. 5-ம் எண் கட்டடத்தின் சுவரில் நீல நிற வட்டப் பலகை ஒன்றில் சீபேயின் பெயர் இருக்கிறது.

பழைய சீபே கோர்மன் ஹெல்மெட்டுகளைச் சேகரிப்பவர்கள் இப்போதும் உண்டு. போலிகளும் ஏராளம். வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது, ஹெல்மெட்டிலும் தோள் தகட்டிலும் பொறித்திருக்கும் எண் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான். ஒவ்வொரு ஹெல்மெட்டும் அதற்கென்றே செய்த தகட்டோடு பொருந்துமாறு கையால் செய்யப்பட்டதால் போட்ட எண் அது.